தங்கப் பதக்கத்துக்குப் பிறகு: இரண்டு தலைமுறைக் குத்துச்சண்டைக்காரர்கள்

மலர்க் குழு நண்பர் போன் செய்தார். "நீயும் ஏதாவது எழுதிக் கொடுக்கணும். ஆனா ஹாஸ்டல் நினைவுகள்னு மட்டும் எழுதிடாதே. ஏற்கெனவே பதினோரு கட்டுரை அதுவே வந்திருக்கு" என்றார். மெஸ் சாம்பாரைப் பற்றி நான் மனசுக்குள் எழுதி வைத்திருந்த ஒன்றரைப் பக்கம் அதோடு போச்சு. "வேற என்னத்தை எழுதறது?" என்றேன். "டி.வி. ரூம்ல நீயும் லேப் அண்ணனும் மணிக்கணக்கா பாக்ஸிங் பேசுவீங்களே, அதை எழுதேன்" என்றார். எழுதிவிட்டேன். குற்றம் குறை இருந்தால் அவரைக் கேளுங்கள்.

2006-10 செட் ஆட்களுக்கு லேப் அண்ணனைத் தெரிந்திருக்கும். இப்போது படிக்கிற தம்பி தங்கைகளுக்குத் தெரிய வாய்ப்பில்லை. மெக்கானிக்கல் பிளாக்கில் இரும்புக் கம்பியை மெஷினில் மாட்டி இழுத்து உடைக்கும் லேபில் உதவியாளராக இருந்தார். வடசென்னைக்காரர். 1980-ல் முகமது அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடியபோது கூட்டத்தில் நின்று பார்த்தவர். அவர் 'பார்த்தேன்' என்று சொல்லும்போது திருப்பதி போய் வந்தவர் 'தரிசனம் பண்ணினேன்' என்று சொல்வதைப் போல இருக்கும்.

2008 ஆகஸ்ட். பீஜிங் ஒலிம்பிக். ஆகஸ்ட் 20-ம் தேதி மல்யுத்தத்தில் சுஷில் குமாருக்கு வெண்கலம். அதே நாளில் 75 கிலோ குத்துச்சண்டைக் கால் இறுதியில் விஜேந்தர் சிங், ஈக்வடாரின் கார்லோஸ் கோங்கோராவை 9-4 என்று ஜெயித்துப் பதக்கத்தை உறுதி செய்தார். டி.வி. ரூமில் நாங்கள் போட்ட சத்தத்தில் வார்டனே எழுந்து வந்துவிட்டார். வந்தவரும் உட்கார்ந்து ரீப்ளே பார்த்தார். லேப் அண்ணன் மட்டும் மூலையில் அமைதியாக இருந்தார்.

"ஒம்போதுக்கு நாலுன்னா இன்னா கணக்கு பா? கபடியா இது?"

நான் விளக்கினேன். ஐந்து நடுவர்கள் பட்டனோடு உட்கார்ந்திருப்பார்கள். ஒரு குத்து விழுந்தால் ஒரே விநாடிக்குள் மூன்று பேராவது அமுக்க வேண்டும். அப்போதுதான் ஒரு பாயிண்ட்.

"சரி, மெடலு வாங்கட்டும். சந்தோஷம்தான். ஆனா மெடலு வேற, தொழில் வேற. இதுல ஜெயிச்சவன் எவன் பெரிய ஆளா வரான், தோத்துட்டுப் போனவன் எவன் வரான்னு பத்து வருஷம் கழிச்சு வந்து எனக்குச் சொல்லு தம்பி."

பத்து வருடம் கழித்து நான் போகவில்லை. கல்யாணம், குழந்தை, வீட்டுக் கடன், இ.எம்.ஐ. என்று எல்லோரையும் போலத்தான். ஆனால் கணக்கை மட்டும் மறக்காமல் வைத்திருந்தேன். அது இதுதான்.

விஜேந்தருக்கு இரண்டு படி மேலே, 91 கிலோ ஹெவிவெயிட் பிரிவை எடுத்துக்கொள்வோம். பீஜிங்கில் தங்கம் வாங்கியவர் ரஷ்யாவின் ரஹிம் சக்கியேவ். வெள்ளி, இத்தாலியின் கிளெமெண்டே ருஸ்ஸோ. அரை இறுதியில் ருஸ்ஸோவிடம் தோற்று வெண்கலம் வாங்கியவர் அமெரிக்காவின் டியோன்டே வைல்டர். கால் இறுதியில் அதே ருஸ்ஸோவிடம் 7-4 என்று தோற்று வெறும் கையோடு ஊர் திரும்பியவர் உக்ரைனைச் சேர்ந்த ஓர் இருபத்தொரு வயதுப் பையன். பெயர் ஒலெக்சாண்டர் உசிக். அந்த ஆட்டத்தை நான் பார்த்தேனா என்றுகூட ஞாபகம் இல்லை. பார்த்திருந்தாலும் கவனித்திருக்க மாட்டேன்.

இப்போது இந்தப் பட்டியலைத் தலைகீழாகப் பிடியுங்கள். தங்கம் வாங்கிய சக்கியேவ் தொழில்முறைக்கு வந்தார். 2013-ல் மாஸ்கோவில் உலகப் பட்டத்துக்காக போலந்தின் விளோடார்சிக்கிடம் மோதி எட்டாவது ரவுண்டில் நிறுத்தப்பட்டார். கடைசி வரை உலகப் பட்டம் கிடைக்கவில்லை. வெள்ளி ருஸ்ஸோ, வைல்டர், உசிக் இருவரையும் அடித்தவர், அமெச்சூராகவே இருந்து 2016 ரியோ ஒலிம்பிக் வரை வந்தார். வெண்கல வைல்டர் இருபது வயதில்தான் கையுறையே மாட்டியவர். 2015 ஜனவரியில் உலக ஹெவிவெயிட் சாம்பியன். ஒன்றுமே வாங்காமல் போன உசிக், 2012 லண்டனில் இறுதிப் போட்டியில் அதே ருஸ்ஸோவை 14-11 என்று ஜெயித்துத் தங்கம் வாங்கினார். 2018-ல் க்ரூஸர்வெயிட்டின் நான்கு பட்டங்களும் அவரிடம். 2024 மே மாதம் ரியாத்தில் டைசன் ஃப்யூரியை ஜெயித்து ஹெவிவெயிட்டின் நான்கு பட்டங்களும் அவரிடம்.

லேப் அண்ணன் ஜோசியர் இல்லை. அவருக்கு இது எப்படித் தெரிந்தது என்றால், அவர் வயசில் இதே கதையை ஒரு தடவை பார்த்துவிட்டார். அது மான்ட்ரீல், 1976.

அந்த வருடம் அமெரிக்க அணியிலிருந்து ஐந்து பேர் தங்கம் வாங்கினார்கள். ஃப்ளைவெயிட்டில் லியோ ராண்டால்ஃப், லைட்வெயிட்டில் ஹோவர்டு டேவிஸ், லைட் வெல்டரில் சுகர் ரே லெனர்டு, மிடில்வெயிட்டில் மைக்கேல் ஸ்பிங்க்ஸ், லைட் ஹெவிவெயிட்டில் அவருடைய அண்ணன் லியோன் ஸ்பிங்க்ஸ். அண்ணன் தம்பி இரண்டு பேர் ஒரே ஒலிம்பிக்கில் குத்துச்சண்டைத் தங்கம் வாங்கியது அதுவே முதல் முறை. ராண்டால்ஃப், லெனர்டு, லியோன் மூன்று பேரும் இறுதியில் அடித்தது கியூபாக்காரர்களை. ஆப்பிரிக்க நாடுகள் பல அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்திருந்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் கியூபாவும் சோவியத்தும் வந்திருந்த போட்டி அது. லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

இந்த ஐந்து பேரில் யார் சிறந்தவர்? அன்றைக்குக் கேட்டிருந்தால் லெனர்டு என்று எல்லோரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஒலிம்பிக் குத்துச்சண்டையின் மிகத் திறமையான ஆட்டக்காரருக்குத் தரும் வால் பார்க்கர் கோப்பை அந்த வருடம் டேவிஸுக்குப் போனது. போட்டி தொடங்குவதற்குச் சற்று முன்னால் அவருடைய அம்மா மாரடைப்பில் இறந்திருந்தார். திரும்பி வீட்டுக்குப் போயிருக்கலாம். போகாமல் ஆடி ஜெயித்தார். அணித் தேர்வில் அவர் ஓரங்கட்டியது ஆரன் பிரையரை. பிரையர் யார் என்று பழைய ஆட்களுக்குத் தெரியும்: பிற்பாடு அலெக்ஸிஸ் ஆர்க்வேயோவை நிறுத்திய உலக சாம்பியன்.

டேவிஸுக்கு உலகப் பட்டம் கிடைக்கவே இல்லை. மூன்று தடவை முயன்றார். 1980 ஜூனில் கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் மைதானத்தில் ஜிம் வாட்டிடம் பாயிண்டில் தோற்றார். 1984-ல் போர்ட்டோ ரிக்கோவில் எட்வின் ரோசாரியோவிடம் நூலிழையில் போனது. 1988-ல் படி மக்கர்ட் முதல் ரவுண்டிலேயே முடித்துவிட்டார். 2015 டிசம்பரில் புற்றுநோயில் இறந்தார். இத்தனைக்கும் அவருடைய கை வேகம் அன்றைக்கு யாருக்கும் இல்லை என்பார்கள். பழைய டேப்புகளைப் பார்க்கிறவர்கள் நம்புவார்கள்.

ராண்டால்ஃப் 1980-ல் ஜூனியர் ஃபெதர்வெயிட் உலக சாம்பியன் ஆனார். முதல் தடவை பட்டத்தைக் காக்க இறங்கியபோதே செர்ஜியோ பல்மாவிடம் இழந்தார். இருபத்திரண்டு வயது. போதும் என்று கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு, டகோமாவில் பஸ் ஓட்டும் வேலைக்குப் போனார். இதை ஏதோ வீழ்ச்சி போல எழுதுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஐந்து பேரில் நிம்மதியாகத் தூங்கியவர் அவர்தான் என்பது என் ஊகம்.

லியோன் ஸ்பிங்க்ஸ் கதைதான் லேப் அண்ணனுக்குப் பொறுக்காதது. "அலியை அடிச்சுட்டான் தம்பி, எட்டாவது ஃபைட்டுல!" என்று முப்பது வருடம் கழித்தும் கோபப்படுவார். உண்மைதான். 1978 பிப்ரவரி 15, லாஸ் வேகாஸ். லியோன் அதுவரை ஆடியது ஏழே தொழில்முறைச் சண்டை. ஆறு வெற்றி, ஒரு டிரா. எட்டாவதில் பதினைந்து ரவுண்டு ஆடி முகமது அலியிடமிருந்து உலகப் பட்டத்தைப் பிடுங்கிவிட்டார். ஏழு மாதத்தில், செப்டம்பரில், அலி நியூ ஆர்லியன்ஸில் திரும்ப வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு லியோன் பெரிதாக எழுந்திருக்கவே இல்லை. 1981-ல் லாரி ஹோம்ஸ் மூன்று ரவுண்டில் முடித்தார். கடைசிக் கணக்கு 26 வெற்றி, 17 தோல்வி, 3 டிரா. உச்சிக்குப் போவதற்கு முன்னால் கற்றுக்கொள்ள வேண்டியதை உச்சியிலிருந்து இறங்கும்போது கற்றுக்கொள்ள நேர்ந்தது. அதற்கு மேல் அந்த இடத்தில் யாரும் சொல்லித் தர மாட்டார்கள், அடிக்கத்தான் செய்வார்கள். பின்னாளில் அவருக்கு மூளை பாதிக்கப்பட்டது. 2021 பிப்ரவரியில் காலமானார்.

தம்பி மைக்கேல் நேர் எதிர். அவசரமே படவில்லை. 1981-ல்தான் லைட் ஹெவிவெயிட் பட்டம். 1985 செப்டம்பர் 21-ம் தேதி, 48 சண்டை தோற்காமல் வந்திருந்த லாரி ஹோம்ஸை ஜெயித்தார். ராக்கி மார்சியானோவின் 49-ஐத் தொட ஹோம்ஸுக்கு ஒன்றுதான் பாக்கி இருந்தது. பதவியில் இருக்கும் லைட் ஹெவிவெயிட் சாம்பியன் ஒருவர் ஹெவிவெயிட் பட்டம் வாங்கியது அதுவே முதல் தடவை. 1988-ல் மைக் டைசனிடம் 91 விநாடியில் விழுந்தார் என்பது மட்டும்தான் நம்மாட்களுக்கு ஞாபகம் இருக்கிறது. பாவம்.

லெனர்டு? அவர் தொழில்முறைக்கு வருவதாகவே இல்லை. கல்லூரிக்குப் போகப் போகிறேன் என்றார். வீட்டில் அப்பா அம்மா இருவருக்கும் உடம்பு சரியில்லை, கையில் பணம் இல்லை, வந்துவிட்டார். வந்தவர் இரண்டு புத்திசாலித்தனம் செய்தார். தன்னை எந்த புரமோட்டருக்கும் விற்காமல், வழக்கறிஞர் மைக் டிரெய்னர் திரட்டிக் கொடுத்த கடனை வைத்துத் தொடங்கினார். இன்னொன்று, அலியின் மூலையில் நின்ற ஆஞ்சலோ டண்டியைக் கூட்டிக்கொண்டார். டண்டி ஒவ்வொரு எதிராளியையும் பாடத்திட்டம் போடுவதைப் போலத் தேர்ந்தெடுத்தார்: இவன் உயரம், இவன் இடது கை, இவன் உடம்பில் அடிப்பான், இவன் ஓடுவான். இருபத்தைந்து சண்டை அப்படிப் போனது. இருபத்தாறாவதில், 1979 நவம்பர் 30-ல், வில்ஃப்ரட் பெனிட்டஸை பதினைந்தாவது ரவுண்டில் சில விநாடிகள் மிச்சம் இருக்கும்போது நிறுத்தி உலக சாம்பியன் ஆனார். ஏழு மாதத்தில் ராபர்ட்டோ டுரானிடம் தோற்றார். டுரான் ஒலிம்பிக் பக்கமே போகாதவர். பதினாறு வயதில் பனாமாவில் காசுக்கு ஆடத் தொடங்கியவர். மெடல் வேறு, தொழில் வேறு என்பதற்கு இதைவிட சாட்சி வேண்டாம். லெனர்டு அதே வருடம் நவம்பரில் திருப்பிக் கொடுத்தார் என்பதும், 1981-ல் ஹெர்ன்ஸ், 1987-ல் ஹாக்லர் என்று போனதும் ஊரறிந்த கதை.

இங்கே கொஞ்சம் நம் தொழில் பேசலாம், மன்னிக்கவும். லேபில் ஒரு கம்பியை ஒரே இழுப்பாக இழுத்து எத்தனை டன்னில் உடைகிறது என்று பார்க்கிறோம். அது டென்சைல் டெஸ்ட். அதே கம்பியை அதில் பாதிச் சுமையில் லட்சம் தடவை ஆட்டி எப்போது விரிசல் விடுகிறது என்று பார்ப்பது ஃபேட்டிக் டெஸ்ட். முதலில் ஜெயித்த கம்பி இரண்டாவதிலும் ஜெயிக்கும் என்று உத்தரவாதம் இல்லை. மான்ட்ரீலில் அமெச்சூர் ஆட்டம் மூன்று நிமிடம் வீதம் மூன்று ரவுண்டு, மொத்தம் ஒன்பது நிமிடம். உலகப் பட்டச் சண்டை பதினைந்து ரவுண்டு, நாற்பத்தைந்து நிமிடம். டேவிஸ் ஒன்பது நிமிடத்துக்கு உலகிலேயே சிறந்த கம்பி. அதற்காக அவரைக் குறை சொல்ல முடியுமா? அவரைச் சோதித்தது அந்த மெஷினில்தான்.

அப்புறம் மெஷினே மாறியது. 1982 நவம்பரில் ரே மான்சினியுடன் ஆடிய கொரியாவின் கிம் டுக்-கூ பதினான்காவது ரவுண்டில் விழுந்து சில நாளில் இறந்துபோனார். அதற்குப் பிறகுதான் பட்டச் சண்டைகள் ஒவ்வோர் அமைப்பாகப் பன்னிரண்டு ரவுண்டுக்கு இறங்கின. அமெச்சூர் பக்கம் 1984-ல் தலைக்கவசம் வந்தது. 1988 சியோலில் ராய் ஜோன்ஸ், உள்ளூர்க்காரர் பார்க் சி-ஹுனை ரிங் முழுக்கத் துரத்தி அடித்தும் 3-2 என்று தோற்றதாக அறிவித்தார்கள். தோற்றவருக்கே வால் பார்க்கர் கோப்பையையும் கொடுத்தார்கள்! இந்த அசிங்கத்துக்குப் பிறகுதான் 1992-லிருந்து நான் மேலே சொன்ன பட்டன் முறை. ஊழலை ஒழிக்க மெஷின் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். ஆட்டம் மெஷினுக்கு ஏற்ற மாதிரி மாறிவிடும். மூன்று பேர் கண்ணுக்கு ஒரே விநாடியில் தெளிவாகத் தெரியும் குத்துக்குத்தான் மதிப்பு. நெருங்கி நின்று விலாவில் இறக்கும் குத்தை யார் பார்த்தார்கள்? எனவே தொடு, விலகு, தொடு, விலகு. லேப் அண்ணன் 'கபடியா' என்று கேட்டது கிண்டல் மட்டும் இல்லை.

இந்த மெஷினில் தயாரான தலைமுறைதான் லொமச்சென்கோவும் உசிக்கும். ஆனால் அவர்களிடம் போவதற்கு முன்னால், மெஷினே கிடைக்காமல் போன இரண்டு பேரைச் சொல்லாமல் தாண்ட எனக்கு மனசு வரவில்லை.

ஹங்கேரியின் லாஸ்லோ பாப், 1948, 1952, 1956 என்று மூன்று ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியவர். மூன்று தங்கம் வாங்கிய முதல் குத்துச்சண்டைக்காரர் அவர்தான். 1956 மெல்போர்ன் இறுதியில் அவர் அடித்தது அமெரிக்காவின் ஹோசே டோரஸை. 1957-ல் முப்பத்தொரு வயதில் தொழில்முறைக்கு வர அவருக்கு அனுமதி கிடைத்தது. கம்யூனிச நாட்டிலிருந்து அப்படி வந்த முதல் ஆள். கைகள் அடிக்கடி உடைந்தன. ஆனாலும் 1962-ல் ஐரோப்பிய மிடில்வெயிட் சாம்பியன். 27 வெற்றி, 2 டிரா, தோல்வி இல்லை. அடுத்தது உலகப் பட்டம் என்ற கட்டத்தில், 1965-ல், அரசாங்கம் அனுமதியைத் திரும்பப் பெற்றுவிட்டது. காசுக்கு ஆடுவது சோஷலிசத்துக்கு ஒவ்வாதாம். எட்டு வருடம் ஒத்திருந்தது. அதே 1965 மார்ச்சில்தான் அவரிடம் தோற்ற டோரஸ், வில்லி பாஸ்ட்ரானோவை ஜெயித்து உலக லைட் ஹெவிவெயிட் சாம்பியன் ஆகியிருந்தார். பாப் அந்தச் செய்தியை எந்த முகத்தோடு படித்திருப்பார் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு.

இன்னொருவர் கியூபாவின் டியோஃபிலோ ஸ்டீவன்சன். 1972, 76, 80, மூன்று ஹெவிவெயிட் தங்கம். மான்ட்ரீல் அரை இறுதியில் அமெரிக்காவின் ஜான் டேட்டை முதல் ரவுண்டிலேயே சாய்த்தார். அந்த டேட் மூன்றே வருடத்தில், 1979-ல், தொழில்முறை உலக ஹெவிவெயிட் சாம்பியன்! அப்படியானால் ஸ்டீவன்சன் என்ன ஆகியிருப்பார்? அலியோடு மோத லட்சக்கணக்கில் டாலர் தருகிறோம் என்று வந்தவர்களை, என் மக்களின் அன்பு அதைவிடப் பெரிது என்று திருப்பி அனுப்பினார். கியூபாவில் தொழில்முறை விளையாட்டு அறுபதுகளின் தொடக்கத்திலேயே தடை செய்யப்பட்டிருந்தது. அவர் மனசாரச் சொன்னாரா, வேறு வழியில்லாமலா என்று ஹாஸ்டலில் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. நான் மனசாரத்தான் என்ற கட்சி. லேப் அண்ணன் எதிர்க்கட்சி.

சோவியத் உடையும் நேரத்தில் கதவு திறந்தது. 1989 அமெச்சூர் உலக சாம்பியன் யூரி அர்பச்சகோவ் டோக்கியோ போய்ப் பயிற்சி எடுத்து 1992-ல் ஃப்ளைவெயிட் உலகப் பட்டம் வாங்கினார். 1991-ல் சிட்னியில் அமெச்சூர் உலகப் பட்டம் வாங்கிய கோஸ்டியா சூ அப்படியே ஆஸ்திரேலியாவில் தங்கி, 1995-ல் சாம்பியன் ஆனார். இவர்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள்தான் அடுத்த செட்.

வாசில் லொமச்சென்கோவின் அமெச்சூர் கணக்கு 396 வெற்றி, ஒரே ஒரு தோல்வி. அந்த ஒன்று 2007-ல் ஆல்பர்ட் செலிமோவிடம். அதற்கும் இரண்டு முறை வட்டியோடு திருப்பிக் கொடுத்தார். பயிற்சியாளர் சொந்த அப்பா அனடோலி. சின்ன வயசில் பையனைக் குத்துச்சண்டையிலிருந்து நிறுத்தி நாட்டுப்புற நடனம் கற்றுக்கொள்ள அனுப்பினார். கால் வேலை அங்கே வந்தது என்பார்கள். 2008-ல் தங்கம், வால் பார்க்கர் கோப்பை. 2012-ல் இன்னொரு தங்கம். லெனர்டு இருபது வயதில் வந்தார், இவர் இருபத்தைந்தில் வந்தார். லெனர்டுக்கு இருபத்தைந்து சண்டைப் பாடத்திட்டம். இவர் பாடத்திட்டமே வேண்டாம், நேரே இறுதித் தேர்வு எழுதுகிறேன் என்றார். 2014 மார்ச் 1-ம் தேதி, இரண்டாவது தொழில்முறைச் சண்டையிலேயே உலகப் பட்டத்துக்காக ஒர்லாண்டோ சலிடோவிடம் போய் நின்றார்.

இந்தச் சண்டையை நான் ஆறேழு தடவை பார்த்திருக்கிறேன். சலிடோ மெக்சிகோக்காரர். ஒலிம்பிக் இல்லை, கோப்பை இல்லை. பதினைந்து வயதிலிருந்து காசுக்கு அடித்து, அடி வாங்கி, ஒரு டஜன் தோல்வியைச் சுமந்து வந்தவர். எடைக் கட்டுப்பாட்டையே பொருட்படுத்தாமல் கூடுதல் எடையோடு வந்தார். முதல் மணியிலிருந்து நெருங்கி, சாய்ந்து, விலாவில், இடுப்பில், இடுப்புக்குக் கீழும் அடித்தார். ரெஃப்ரி கண்டுகொள்ளவில்லை. பட்டன் மெஷினுக்குத் தெரியாத குத்துகள் அத்தனையும் அங்கே வந்தன. லொமச்சென்கோ பாதிச் சண்டை வரை இது என்ன விளையாட்டு என்று புரியாமல் திணறினார். கடைசி ரவுண்டில் புரிந்துகொண்டு சலிடோவைத் தள்ளாட வைத்தார். மணி அடித்துவிட்டது. இரண்டு நடுவர் சலிடோவுக்கு, ஒருவர் இவருக்கு.

லியோன் ஸ்பிங்க்ஸ் எட்டாவது சண்டையில் ஜெயித்துக் கெட்டார், லொமச்சென்கோ இரண்டாவதில் தோற்றுத் தப்பித்தார் என்பது என் அபிப்பிராயம். மூன்றே மாதத்தில், ஜூன் 21-ல், கேரி ரஸ்ஸலை ஜெயித்து, மூன்றாவது சண்டையில் உலக சாம்பியன். தாய்லாந்தின் சென்சாக் முவாங்சுரின் 1975-ல் செய்ததற்குச் சமம். 2018-ல் பன்னிரண்டாவது சண்டையில் ஹோர்கே லினாரஸை ஜெயித்து மூன்றாவது எடைப் பிரிவிலும் பட்டம். தன்னைவிடப் பெரிய உடம்புக்காரர்களோடு ஆடப்போய் டியோஃபிமோ லோபஸிடமும் டெவின் ஹேனியிடமும் தோற்றார். 2025 ஜூனில் ஓய்வு. மொத்தம் இருபத்தொரு தொழில்முறைச் சண்டைதான். லெனர்டு உலக சாம்பியன் ஆவதற்கு முன்னால் ஆடியதைவிடக் குறைவு!

அப்படியானால் எந்தத் தலைமுறை உசத்தி? நேராகச் சொல்கிறேன். கற்று முடித்து வந்தவர்கள் என்ற வகையில் உக்ரைன்காரர்களுக்கு ஈடில்லை. உசிக் அமெச்சூரில் 335 வெற்றி. தொழிலில் 2025 ஜூலை வரை 24 சண்டை, தோல்வியே இல்லை. ஆனால் இருபத்தைந்து வயது வரை உடம்பை அமெச்சூரில் செலவழித்துவிட்டு வந்ததால், லொமச்சென்கோவின் மிகச் சிறந்த வருடங்களில் பாதியை நாம் தலைக்கவசத்துக்குள்தான் பார்த்தோம். லெனர்டு தன் சிறந்த வருடங்களைச் சிறந்த ஆட்களுக்கு எதிராகச் செலவிட்டார். பெனிட்டஸ், டுரான், ஹெர்ன்ஸ், ஹாக்லர். அந்த வரிசை வேறு யாருக்கும் வாய்க்கவில்லை. எனவே தனி ஆளாக என் ஓட்டு லெனர்டுக்கு, பள்ளிக்கூடமாக, உக்ரைனுக்கு.

கியூபாவின் கியெர்மோ ரிகோண்டோவின் கதை இன்னும் மோசம். 2000, 2004 இரண்டு தங்கம். 2007-ல் பிரேசிலில் அணியிலிருந்து நழுவி, பிடிபட்டுத் திரும்பி, அணியிலிருந்து நீக்கப்பட்டு, 2009-ல் தப்பி வந்தார். அப்போது கிட்டத்தட்ட இருபத்தொன்பது வயது. 2013-ல் நொனிட்டோ டொனெரை அழகாகப் பாடம் நடத்தி ஜெயித்தார்; போரடிக்கிறது என்றார்கள். 2017 டிசம்பரில் அவரும் லொமச்சென்கோவும் நியூயார்க்கில் மோதினார்கள். இரட்டைத் தங்கம் வாங்கிய இருவர் தொழில்முறையில் மோதிய முதல் சண்டை. ரிகோண்டோவுக்கு முப்பத்தேழு, இரண்டு எடைப் பிரிவு மேலே ஏறி வந்திருந்தார். ஆறு ரவுண்டு முடிந்ததும் கை அடிபட்டுவிட்டது என்று ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டார். ஐந்து வருடம் கழித்து, 2022-ல், கியூபாவே தன் ஆட்களைத் தொழில்முறைக்கு அனுப்பத் தொடங்கியது. ஸ்டீவன்சன் அதற்குப் பத்து வருடம் முன்னாலேயே இறந்துவிட்டார்.

நம்ம விஜேந்தர்? பீஜிங்கில் அவருடைய எடைப் பிரிவில் தங்கம் வாங்கிய இங்கிலாந்தின் ஜேம்ஸ் டிகேல், 2009 பிப்ரவரியிலேயே தொழில்முறைக்குப் போய் 2015-ல் உலக சாம்பியன் ஆனார். விஜேந்தர் புறப்பட்டதே அந்த 2015-ல். அக்டோபரில் மான்செஸ்டரில் முதல் சண்டை ஆடும்போது முப்பது வயதுக்குச் சில நாள்தான் குறைவு. 2016-ல் டெல்லியில் கெர்ரி ஹோப்பை ஜெயித்து ஆசிய பசிபிக் பட்டம், 2021-ல் கோவாவில் முதல் தோல்வி. டிகேல் வயதில் போயிருந்தால் என்ற கேள்வி எனக்கு உண்டு. ஆனால் 2009-ல் இங்கே அவருக்கு எந்தக் கதவு திறந்திருந்தது? போலீஸ் வேலை இருந்தது, அடுத்த ஒலிம்பிக் இருந்தது. அந்த வயதில் கேம்பஸில் கிடைத்த வேலையை நாம் எத்தனை பேர் விட்டோம்?

2024 மே 19, ஞாயிற்றுக்கிழமை. உசிக், ஃப்யூரி சண்டை நம் நேரத்துக்கு விடியற்காலையில் முடிந்திருந்தது. பதினாறு வருட பாக்கியை அடைத்துவிடலாம் என்று போனை எடுத்துக்கொண்டு லேப் அண்ணன் வீட்டுக்குப் போனேன். ரிட்டயர் ஆகி வருஷமாகிறது. கண்ணில் ஆபரேஷன் ஆன புதுசு. இருந்தாலும் கண்ணாடியை மேலே தூக்கி, போனை மூக்குக்குப் பக்கத்தில் பிடித்து முழுச் சண்டையும் பார்த்தார். ஒன்பதாவது ரவுண்டில் ஃப்யூரி கயிற்றுக்குக் கயிறு தடுமாறியபோது மட்டும் "அடி சக்கை" என்றார். முடிவு அறிவித்தார்கள். நான் பீஜிங் கால் இறுதியிலிருந்து எல்லாக் கதையையும் சொன்னேன். அமைதியாகக் கேட்டார்.

"எத்தினி ரவுண்டு பா இது?"

"பன்னிரண்டுண்ணே."

போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"அப்ப இன்னும் மூணு பாக்கி கீதே?"